சந்தையில் நிற்கும் பிள்ளைகள்



திராட்சைத் தோட்டத்து எஜமானின் உவமையைக் கேளாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. அர்ச். மத்தேயு எழுதிய சுவிசேஷம் 20-ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. பழைய ஒழுங்கின்படி தபசுகாலத்துக்கு முன்வரும் செப்துவாஜெசிமா ஞாயிறன்று அதை வாசிப்பார்கள். இப்போதைய ஒழுங்கிலே மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, பொதுக்காலத்து 25-ஆம் ஞாயிறன்று வருகிறது. அந்த ஞாயிறுகளில் நீங்கள் கேட்கும் பிரசங்கம் பெரும்பாலும் கூலியைப் பற்றியதாகவே இருக்கும். விடியற்காலைமுதல் வெயிலில் உழைத்தவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரு பணமா என்று முந்தி வந்தவர்கள் முறுமுறுத்தார்களே, அந்த முறுமுறுப்புக்குச் சமாதானம் சொல்வதிலேயே குருக்களின் நேரம் போய்விடுகிறது.

இன்று கூலியை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்த எஜமானின் நடையைக் கவனியுங்கள். விடியற்காலையில் ஒருமுறை சந்தைக்குப் போகிறார். நம் கணக்கில் காலை ஒன்பது மணிக்கு மறுபடி போகிறார். உச்சிவேளையில் போகிறார், மூன்று மணிக்குப் போகிறார், பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கையில், அதாவது ஐந்து மணிக்கு, ஐந்தாம் முறையாகவும் போகிறார். அவருக்குக் காரியஸ்தன் இல்லாமலில்லை. மாலையிலே கூலி கொடுக்கும் வேளையில் காரியஸ்தன் கூப்பிடப்படுகிறான். பணத்தை எண்ணிக் கொடுப்பது காரியஸ்தன் வேலை. ஆளைத் தேடிப் போவதை மட்டும் எஜமான் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அதைத் தாமே செய்கிறார், ஐந்து முறை செய்கிறார்.

ஐந்தாம் முறை போனபோது இன்னும் சிலர் நின்றுகொண்டிருக்கக் கண்டு, நாளெல்லாம் சும்மா நிற்பதேன் என்று கேட்கிறார். எங்களை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று அவர்கள் சொல்லுகிறார்கள். அந்தப் பதிலை அவர் தட்டிப் பேசவில்லை. காலையில் நான் வந்தேனே, அப்போது எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. தூங்கினாயோ, சூதாடினாயோ என்று விசாரிக்கவில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு தோட்டத்துக்கு அனுப்புகிறார். முதலில் வந்தவர்களோடு கூலி பேசியவர், இவர்களோடு அதைக்கூடப் பேசவில்லை. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, பேச நேரமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் சென்னையிலும் விடியற்காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு கொத்தனாரும் சித்தாளும் கூலிக்காகக் கூடி நிற்கும் சந்திகள் உண்டு. ஆனால் நான் இன்று சொல்ல வந்தது அவர்களைக் குறித்தன்று. அவர்களாவது நிற்கவேண்டிய இடம் தெரிந்து நிற்கிறார்கள். எங்கே நிற்பதென்றும் தெரியாத பிள்ளைகள் நம் மத்தியில் இருக்கிறார்கள். பதினாறு, பதினெட்டு, இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வேலை கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த வேலை மூன்று மாதத்தில் விட்டுப்போயிற்று. தொழிலொன்றும் பழகவில்லை. இப்படிப்பட்டவர்களைக் குறிக்க மேல்நாட்டு உத்தியோகஸ்தர்கள் சுமார் இருபத்தைந்து வருஷங்களாக ஒரு சுருக்கெழுத்துப் பெயரை வழங்கி வருகிறார்கள். அதைச் சேர்த்து உச்சரித்தால் ‘நீட்’ என்று வரும்! நம் ஊரில் நீட் என்றால் டாக்டர் படிப்புக்கான பரீட்சை. எழுத்து ஒன்றே. ஒன்றுக்காகப் பட்டினமெல்லாம் படிப்பகம் வைக்கிறார்கள், மற்றதைப் பற்றிப் பேச்சே இல்லை.

சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, அதற்கு முந்திய வருஷத்தில் உலகத்து இளைஞரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்த நிலையில் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். இந்த இரண்டாவது கணக்கைச் சற்றே நிறுத்திப் படியுங்கள். தெருமுனையில் நிற்கிற பையன் நம் கண்ணில் படுகிறான், நாமும் முகம் சுளிக்கிறோம். பெண்ணோ நிற்பதில்லை. அவள் வீட்டுக்குள் இருக்கிறாள். அம்மா அடையாற்றிலே நான்கு வீட்டில் பாத்திரம் துலக்கப் போனபின் தம்பிக்குச் சோறு பொங்குகிறாள், படுத்துக் கிடக்கும் பாட்டிக்கு மருந்து கொடுக்கிறாள், பைப்பில் தண்ணீர் வரும் நேரத்தைக் காத்திருந்து பிடிக்கிறாள். பிளஸ் டூ முடித்து மூன்று வருஷமாயிற்று. யாராவது கேட்டால், ‘வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்பார்கள். அவளைக் குறித்து யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, ஆகையால் அவளை யாரும் தேடுவதுமில்லை.

இந்தப் பிள்ளைகள் கோயிலுக்குப் புறம்பானவர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நம்முடைய ஞானஸ்நானப் புத்தகத்தில் இவர்கள் பெயர் இருக்கிறது. புதுநன்மை வாங்கினார்கள், உறுதிப்பூசுதல் பெற்றார்கள். திருநாளன்று சப்பரம் தூக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் தோள் கொடுப்பவன் அவன்தான். பந்தற்கால் நடவும், சீரியல் பல்பு கட்டவும், அசனத்துக்கு அண்டா கழுவவும் அவன் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலோ பூசை நடந்துகொண்டிருக்க அவன் வெளியே மதிலோரம் யாருடைய பைக்கின்மேலோ உட்கார்ந்திருக்கிறான். உள்ளே வந்தால் என்ன? வரலாம்தான். ஆனால் பூசை முடிந்து வெளியே வரும்போது பெரியவர்கள் அவனைக் கேட்கும் முதற்கேள்வி, ‘என்ன தம்பி, இப்போ என்ன பண்றே?’ என்பது. கேட்கிறவருக்கு அது வெறும் குசலம். அவனுக்கோ அது ஒவ்வொரு வாரமும் தோற்கும் ஒரு பரீட்சை. இளைஞர் கூட்டத்துக்குப் போனால் அங்கேயும், ‘எந்தக் காலேஜ்?’ என்று தொடங்குகிறார்கள். அவன் வராமல் நின்றுவிட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இப்படி ஆனது எவ்வாறு என்று விசாரித்தால் பெரும்பாலும் பெரிய குற்றமெதுவும் தென்படுவதில்லை. நம் பகுதியிலே இதற்குச் சரித்திரமே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு தொடங்கி, பட்டினத்தின் நடுவிலும் தெற்கிலும் ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, சாலையோரங்களில் இருந்த குடும்பங்களைத் துரைப்பாக்கத்துக்கு அருகே கண்ணகி நகரில் குடியேற்றினார்கள். 2004-இன் கடற்கோளுக்குப் பின் கரையோரக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் கொண்டுபோனார்கள். வெள்ளத்துக்குப் பயந்த ஜனங்களுக்குக் கெட்டியான சுவரும் கூரையும் கிடைத்தது உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாக்கத்துக்கும் மயிலாப்பூருக்கும் இடையே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். சில இடமாற்றங்கள் பள்ளி வருஷத்தின் நடுவிலே நடந்தன. தாய் பழைய வீடுகளிலேயே வேலைக்கு வருகிறாள், ஆகையால் விடியுமுன் பஸ் ஏறுகிறாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அங்கேயிருந்து இங்குள்ள பழைய பள்ளிக்கு வர ஒரு மாதம் முயன்றுபார்க்கிறது. பிறகு வாரத்தில் மூன்று நாள் வருகிறது. பிறகு வருவதில்லை. ஒரு நாளில் நின்றதன்று அந்தப் படிப்பு. வாத்தியாருக்கும் தெரியாமல், தாய்க்கும் தெரியாமல் தேய்ந்து போயிற்று.

அதன்மேல் ஊர்ப்பெயரின் பாரம் ஒன்று. கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை தர யோசிக்கிறார்கள் என்று அங்குள்ளவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் கபடி அணியிலே கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தியும் ஆடினாள். அன்றைக்கு நாடெல்லாம் அந்த ஊர்ப்பெயரைச் சந்தோஷமாக உச்சரித்தது. நல்ல காரியம். ஆனால் பதக்கம் வாங்கினால்தான் ஒரு பிள்ளையின் முகவரி மன்னிக்கப்படுமென்றால், பதக்கம் வாங்காத மற்றப் பிள்ளைகள் எங்கே போவது?

இடம்பெயராதவர்கள் கதை வேறு விதம். நொச்சிக்குப்பத்திலும் ஊரூர்க் குப்பத்திலும் தகப்பனுக்குக் கடல் தெரியும். மகனுக்குப் படிப்பும் முழுசாக ஏறவில்லை, கடலும் முழுசாகப் பழகவில்லை. தியாகராய நகர்க் கடைகளுக்குப் போகிற பிள்ளைகள் காலைமுதல் இரவுவரை நின்று நின்று கால் வீங்கி, சில மாதங்களில் திரும்பிவிடுகிறார்கள். கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று 2021-இல் நம் சட்டசபையே சட்டத்தைத் திருத்தவேண்டி வந்ததென்றால், அந்த வேலையின் கடுமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ‘இந்தக் காலத்துப் பையன்கள் ஒரு வேலையிலும் தரிக்கமாட்டார்கள்’ என்கிறோம். பன்னிரண்டு மணி நேரம் நின்று பார்த்தபின் அதைச் சொல்லலாம்.

சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் பூசைக் கருத்துக் கொடுக்க வந்தாள். யாருக்காக என்று கேட்டேன். ‘பெரியவனுக்காகச் சாமி’ என்றாள். சுகமில்லையா என்றேன். ‘சுகமாத்தான் இருக்கான் சாமி. வீட்டிலேயே இருக்கான்’ என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். வியாதிக்காரனுக்காகப் பூசை கேட்கிற தாய் இவ்வளவு கூசுவதில்லை. கணக்குப் பாடத்தில் தவறிப் படிப்பை விட்டு இரண்டு வருஷம். மறுபடி எழுதலாமே என்றேன். ‘எல்லாப் பாடமும் திரும்ப எழுதணுமாமே சாமி’ என்றாள். இதுதான் என் மனதைத் தைத்தது. தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். ஒவ்வொரு வருஷமும் பொதுப் பரீட்சை முடிந்த சில வாரங்களில் துணைத் தேர்வும் நடக்கிறது. வேண்டியது 35 மார்க்கு. இரண்டு வருஷமாக ஒரு வீட்டையே இருட்டில் வைத்தது இந்த ஒரு சேதி தெரியாததுதான். அந்தத் தெருவிலேயே பள்ளி ஆசிரியர்கள் இருவர் குடியிருக்கிறார்கள்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்ல முடியாது. கிண்டியிலே அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. எட்டாவது தேறியவனுக்கு வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளும், பத்தாவது தேறியவனுக்கு ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் முதலியவையும் உண்டு. அரசினர் நிலையங்களில் பயிற்சிக்குச் சம்பளம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், சைக்கிளும், பஸ் பாஸும் கொடுத்து வருகிறார்கள். 2022 மார்ச்சு மாதம் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடம் போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989 முதல் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லையென்று எட்டாம் வகுப்புவரை ஒரு பள்ளி பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லுகிறது. கட்டணப் பாக்கியைக் காட்டிச் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றமும் 2024-இல் தீர்ப்பளித்தது.

இத்தனையும் இருக்கிறது, பிள்ளையும் இருக்கிறான். நடுவிலே ஆளில்லை. திட்டம் என்பது காரியஸ்தன், பிரியமானவர்களே. கணக்குப் பார்த்துக் கொடுக்கும், உண்மையாகவே கொடுக்கும். ஆனால் ஐந்து மணிக்குச் சந்தைக்கு நடந்துபோய், நீ ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்க அதற்குக் கால் இல்லை.

இந்தக் காரியத்தை நன்றாகக் கண்டுகொண்டவர் அர்ச். ஜான் போஸ்கோ. 1841-இல் குருப்பட்டம் பெற்று வட இத்தாலியில் தூரின் பட்டினத்துக்கு வந்த புதிதில், அர்ச். கஃபாஸோ சுவாமியார் அவரைச் சிறைச்சாலைகளுக்குக் கூட்டிப்போனார். அங்கே பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பையன்களைக் கூட்டங்கூட்டமாகக் கண்டார். நல்ல திடகாத்திரமான பிள்ளைகள். விடுதலையாகும்போது இனி ஒழுங்காயிருப்போம் என்று உறுதியோடு போகிறார்கள். சில நாளில் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஏன் என்று யோசித்தார். வெளியே அவர்களுக்கென்று காத்திருக்கிற மனிதர் ஒருவர்கூட இல்லை என்பதே காரணமென்று கண்டார். புத்திமதி இல்லாமலா போயிற்று? சிறையிலே புத்திமதிக்குப் பஞ்சமே இல்லை.

அந்த வருஷம் டிசம்பர் 8-ஆம் தேதி, தேவமாதா திருநாள். அர்ச். பிராஞ்சீஸ்கு அசிசியார் கோயிலில் பூசை உடுப்பு அணிந்துகொண்டிருந்தார். ஒரு பையன் அந்த அறை ஓரமாக வந்து நின்றான். பூசைக்கு உதவத் தெரியுமா என்று கோயிற்பிள்ளை கேட்டான். தெரியாது என்றான் பையன். பின்னே இங்கே உனக்கென்ன வேலை என்று கோயிற்பிள்ளை ஒட்டடைக் கம்பை எடுத்து அவனை அடித்து விரட்டினான். (கோயிற்பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தூசி தட்டுகிறவனுக்கு எல்லாம் தூசியாகத் தெரிகிறது.) தொன் போஸ்கோ, அவன் என் சிநேகிதன், கூப்பிடு என்றார். அப்போதுவரை அவன் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

பூசை முடிந்தபின் அவனிடம் பேசினார். பர்த்தொலொமேயு கரெல்லி என்பது பெயர். பதினாறு வயது. தாய் தகப்பன் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. புதுநன்மை வாங்கினதில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் இல்லை, தெரியாது என்றே பதில். அப்போது அவர் கேள்வியை மாற்றினார். சீட்டியடிக்கத் தெரியுமா என்றார். பையன் முகத்திலே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பிலிருந்துதான் சலேசிய சபை பிறந்ததென்று சொன்னால் தப்பில்லை. ஒரே ஒரு அருள்நிறை மந்திரம் சேர்ந்து சொல்லி ஞானோபதேசத்தை ஆரம்பித்தார்கள். அடுத்த ஞாயிறு அவன் வேறு சில பையன்களையும் கூட்டி வந்தான்.

இந்தச் சம்பவத்தைப் பள்ளிக்கூட நாடகங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை அவ்வளவாக யாரும் நடிப்பதில்லை. தொன் போஸ்கோ அந்தப் பையன்கள் வேலை செய்த கட்டடங்களுக்கும் பட்டறைகளுக்கும் வார நாட்களில் நேரில் போனார். சாரத்தின்மேல் நிற்கிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். 1850-களின் தொடக்கத்தில் பட்டறை எஜமானர்களோடு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கவேண்டும், பையன் தப்புச் செய்தால் வாயால் திருத்தவேண்டுமேயன்றிக் கைநீட்டக்கூடாது, தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை வாங்கக்கூடாது, ஞாயிறும் திருநாளும் ஓய்வு தரவேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. அவரும் அதில் கையெழுத்திட்டார். பக்தி வேறு, முத்திரைத்தாள் வேறு என்று அவர் நினைக்கவில்லை.

அவருடைய சபையார் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். அப்போது தஞ்சாவூர் மயிலாப்பூர் மேற்றிராசனத்தைச் சேர்ந்தது. 1909-இல் இங்கே மயிலாப்பூரிலும் அநாதைப் பிள்ளைகளுக்கான ஊழியத்தை ஏற்றார்கள். ஆகையால் இது நமக்குத் தூரதேசத்துக் கதையன்று. இந்த மண்ணிலும் நடந்த ஊழியம்.

சலேசிய சுவாமிமார் இருக்கிறார்களே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்மில் சிலர் நினைக்கக்கூடும். பெல்ஜியம் தேசத்துக் கர்தினால் கார்டைன் என்பவரின் அனுபவம் இதற்குப் பதிலாகும். 1882-இல் பிறந்த அவர், சிறுவனாகச் சேமினாரிக்குப் போய் விடுமுறையில் வீடு திரும்பியபோது, தம்மோடு படித்த பிள்ளைகள் ஆலைகளில் வேலைக்குப் போயிருக்கக் கண்டார். அவர்கள் இவரைப் பார்த்து ஒதுங்கினார்கள். நீ இப்போது எங்கள் ஆள் இல்லை என்று அந்தப் பார்வை சொல்லிற்று. அந்தக் காயத்தை அவர் மறக்கவேயில்லை. 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை ஸ்தாபித்தபோது, இளந் தொழிலாளிக்கு அப்போஸ்தலன் இளந் தொழிலாளியே என்பதை அதற்கு அஸ்திவாரமாக வைத்தார். அங்கியணிந்த குரு போனால் பையன் சிகரெட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு, ‘ஸ்தோத்திரம் சாமி’ என்பான், அவ்வளவுதான். அவனோடு ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சியில் இருந்தவன் போனால் பேசுவான்.

ஆகவே இந்தப் பங்கிலே கல்லூரி போகும் பிள்ளைகளுக்கும், சம்பளம் வாங்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுகிறேன். உங்களோடு புதுநன்மை வாங்கிய வரிசையின் படம் வீட்டில் மாட்டியிருக்குமே, அதை இறக்கிப் பாருங்கள். அதில் எத்தனை பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சந்தைக்குப் போகிறவர்கள் வேறு சிலரும் உண்டு. கஞ்சாவும் போதை மாத்திரையும் விற்கிறவனுக்கு அந்தப் பையனின் பெயர் தெரியும். எந்த மூலையில் எத்தனை மணிக்கு நிற்பான் என்று தெரியும். என்ன படித்தாய் என்று அவன் கேட்பதேயில்லை. ஊர்வலத்துக்குப் பைக் ஓட்ட ஆள் சேர்ப்பவனுக்கும், அடிதடிக்கு ஆள் தேடுகிறவனுக்கும், செல்போனில் கடன் கொடுத்து மானத்தை வாங்குகிறவனுக்கும் அவன் முகவரி தெரியும். அவர்களெல்லாம் நேரில் வருகிறார்கள், திரும்பத் திரும்ப வருகிறார்கள். நாம் மட்டும் நோட்டீஸ் ஒட்டுகிறோம்.

நம் மயிலாப்பூரின் அப்போஸ்தலரை நினைத்துப்பாருங்கள். சாந்தோமிலே அவருடைய கல்லறைமேல் முழங்காலிடுகிற நாம், அவர் சந்தேகப்பட்டதையே பேசுகிறோம். உயிர்த்த ஆண்டவர் சீஷர்களுக்குக் காட்சி கொடுத்த சாயங்காலம் தோமையார் அங்கே இல்லை. எங்கே போயிருந்தார் என்று அர்ச். அருளப்பர் எழுதவில்லை. கூட்டத்தைவிட்டுத் தனியே போய்விட்டவர் என்பது மட்டும் தெரிகிறது. மற்றவர்கள் அவரைத் தேடிக்கண்டு சேதி சொன்னார்கள். அவர் நம்பவில்லை, கடுமையாகவே மறுத்துப் பேசினார். அப்படிப் பேசினவரை அவர்கள் தள்ளிவிடவில்லை. எட்டு நாளைக்குப் பின் அவர் அவர்கள் நடுவே இருந்தார் என்று வாசிக்கிறோம். அந்த எட்டு நாளும் அவர்கள் அவரோடு என்ன பேசினார்கள், எத்தனை முறை போய்க் கூப்பிட்டார்கள் என்பது எழுதப்படவில்லை. ஆண்டவரும் முன்னே வந்தது போதுமென்றிராமல் அவருக்காகவே இரண்டாந்தரம் வந்தார். அந்த எட்டு நாள் இல்லையென்றால் சின்னமலையும் இல்லை, பரங்கிமலையும் இல்லை, சாந்தோம் கோயிலும் இல்லை, நீங்களும் நானும் இன்று இங்கே இருக்கும் விதமும் வேறாயிருக்கும்.

கூப்பிடப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. முதல் தடவையே வேலையைப் பற்றிப் பேசவேண்டாம். சீட்டியடிக்கத் தெரியுமா என்ற கேள்வியை உங்கள் வழியில் கேளுங்கள். கேரம் ஆடுவானோ, பைக் பழுது பார்ப்பானோ, பறை அடிப்பானோ, நன்றாக மீன் குழம்பு வைப்பானோ, அவனுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் முறை பேசமாட்டான். இரண்டாம் முறை வருகிறேன் என்று சொல்லி வரமாட்டான். அதனால் மனம் நோகவேண்டாம். எத்தனையோ பேர் ஒருமுறை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனதை அவன் பார்த்திருக்கிறான், நீங்களும் அப்படித்தானா என்று பார்க்கிறான். நொச்சிக்குப்பத்திலே கடற்கரை மணலில் உட்கார்ந்து வலை பின்னுகிற பெரியவர்களைப் பாருங்கள். கிழிந்த வலையை யாரும் எறிவதில்லை. ஒவ்வொரு கண்ணாக, ஒவ்வொரு முடிச்சாகக் கையாலே போடுகிறார்கள். அதற்கு வேறு குறுக்குவழி கிடையாது.

பெண்பிள்ளைகளைத் தேடிப்போகும் காரியத்தை மரியாயின் சேனையிலுள்ள சகோதரிகள் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். நீங்கள் எப்படியும் வீடு சந்திக்கப் போகிறீர்கள். ஜெபம் சொல்லி முடித்தபின், அடுப்படியில் இருக்கும் பெண்ணையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஐந்து நிமிஷம் உட்காரவையுங்கள். அவளுக்கு என்ன விருப்பம் என்று அவளிடமே கேளுங்கள், தாயிடம் அல்ல. பாட்டியைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் மூன்று காலை வேளை வேறொருவர் கிடைத்தால் அவள் தையலோ கணிப்பொறியோ நர்சிங் உதவியோ பழகப் போகமுடியும் என்ற அளவில்தான் பல வீடுகளில் காரியம் நிற்கிறது. அந்த மூன்று காலையை நாம் கொடுக்க முடியாதா?

கடையோ பட்டறையோ ஆபீசோ வைத்திருக்கும் குடும்பத் தலைவர்கள், வருஷத்துக்கு ஒரு பிள்ளையைத் தொழில் பழக எடுத்துக்கொள்ளுங்கள். தொன் போஸ்கோவின் முத்திரைத்தாளை மறக்கவேண்டாம். என்ன கற்றுக்கொடுப்பீர்கள், எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், எந்த நாள் ஓய்வு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பங்குச் சுவாமி அனுப்பிய பையன் என்று சொல்லி இலவசமாக டீ வாங்கிவர வைத்துக்கொள்வதற்கு நான் ஆள் அனுப்பமாட்டேன். முதல் மாதத்தில் தாமதமாக வருவான், ஒரு நாள் சொல்லாமல் நின்றும்விடுவான். அன்று சாயங்காலம் எனக்கோ, அவனைக் கூட்டிவந்தவருக்கோ ஒரு போன் செய்யுங்கள். உடனே வேறு ஆள் பார்த்துவிடாதீர்கள்.

பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் போய்விட்ட நம் பழைய குடும்பங்களின் விலாசம் எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் இருக்கிறது. அதில் பாதிக்குமேல் செல்போன் எண்கள் மாறிப்போயின. உங்களுக்குத் தெரிந்தவர்களின் புது எண்ணையும், வீட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பெயரையும் இந்த வாரத்துக்குள் எழுதிக் கொடுங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் சபையார் இருவர் இருவராக அங்கே போவார்கள், நானும் போவேன். அந்த இடங்கள் இப்போது வேறு பங்கைச் சேர்ந்தவை. அங்குள்ள பங்குச் சுவாமிகளோடு பேசியாயிற்று, அவர்களுக்குச் சந்தோஷமே.

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் மூவர் வாரநாட்களில் மாலை ஆறு மணிமுதல் எட்டுவரை பங்கு மண்டபத்தில் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கணக்குப் பாடம். துணைத் தேர்வு விண்ணப்பம், தொழிற்பயிற்சி நிலைய விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், ஆதாரில் பெயர் திருத்தம் இவற்றுக்கெல்லாம் மற்ற இருவர் உதவுவார்கள். வகுப்பு என்று பெயர் வைக்கவில்லை, வருகைப் பதிவேடும் கிடையாது. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மாத்திரமா என்று ஒருவர் கேட்டார். அந்த எஜமான் சந்தையில் யாரையும் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்டதாக நான் வாசிக்கவில்லை.

மண்டபத்தின் சாவி கோயிற்பிள்ளையிடம் இருக்கும். யாரையும் விரட்டவேண்டாமென்று சொல்லிவைத்திருக்கிறேன். கேரம் பலகை இரண்டு இருக்கின்றன. ஸ்ட்ரைக்கர் ஒன்று சென்ற திருநாள்முதல் காணவில்லை. வைத்திருப்பவர் எப்போது வேண்டுமானாலும் கொண்டுவரலாம், காரணம் கேட்கமாட்டோம்.

உங்கள் பங்குச் சுவாமி